லெஸ் மூரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை

நாளிதழ் காமிக் ஸ்ட்ரிப்களில் முசுடுகளுக்குப் பஞ்சமே இல்லை. தின்று தூங்கும் பூனை கார்ஃபீல்டு, சார்லி பிரவுன் உதைக்க ஓடிவரும்போதெல்லாம் பந்தைப் பிடுங்கிக்கொள்ளும் லூசி, ஊரைக் கொள்ளையடித்துவிட்டு வீட்டில் மனைவிக்குப் பயப்படும் வைக்கிங் ஹேகார். இவர்களில் ஒருவரோடும் எனக்குக் கோபம் கிடையாது. ஐந்து நிமிடம் ஒரே அறையில் இருக்க முடியாத ஆட்கள்தான், ஆனாலும் மறுநாள் காலையில் அவர்களைத் தேடத்தான் செய்வேன். என்னால் சகிக்கவே முடியாத காமிக்ஸ் பாத்திரம் என்று ஒன்று இருந்தால், அவன் திருடனோ முரடனோ அல்ல. மனைவியை நேசித்தவன், மகளை வளர்த்தவன், பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவன், புத்தகம் எழுதியவன். அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ‘ஃபங்கி விங்கர்பீன்’ தொடரின் லெஸ் மூர்.

தொடரைப் படித்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓஹையோ மாநிலத்தில் வெஸ்ட்வியூ என்று ஒரு கற்பனை ஊர். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி, மாண்டோனி என்ற பெயரில் ஒரு பீட்சா கடை. டாம் பாட்டியுக் என்ற ஓவியர், எலிரியா நகரத்துப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர், 1972 மார்ச் 27 அன்று இதைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தின் அபத்தங்களைக் கேலி செய்யும் தொடர். முதல் இருபது ஆண்டுகள் யாருக்கும் வயது ஏறவில்லை. 1992இல் திடீரென்று பாத்திரங்கள் பட்டம் பெற்றுப் பெரியவர்களானார்கள். 2007இல் இன்னொரு பத்தாண்டு தாவல். 2022 டிசம்பர் 31 அன்று தொடர் முடிந்தது.

லெஸ் அந்த முதல் இருபது ஆண்டுகளில் எப்படி இருந்தான் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பிற்பாடு நடந்தது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். அப்போது அவன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். பள்ளி வராந்தாவில் மாணவர்கள் அனுமதி இல்லாமல் திரிகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு அவனுக்கு. அந்தப் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை. வராந்தாவில் ஒரு மேஜை, மேஜைமேல் ஓர் இயந்திரத் துப்பாக்கி, அதன் பின்னால் லெஸ். யாரும் மதிக்காத ஒரு பிள்ளை, கையில் கிடைத்த துளி அதிகாரத்தை எல்லைப் போர் அளவுக்கு ஊதிவிட்டிருக்கிறான். அவன் சுட்டதாக ஒரு கதையும் இல்லை, சுடுவான் என்று எவரும் பயந்ததாகவும் இல்லை. அந்தத் துப்பாக்கி முழுக்க முழுக்க அவன் தலைக்குள் இருப்பதன் படம். இன்றைக்கு ஒரு பள்ளிப் படக்கதையில் அப்படி வரைய யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் அன்று அந்த ஒரே படத்தில் ஒரு பதின்வயதுப் பையனின் அவமானம், ஆசை, கற்பனை மூன்றும் அடங்கியிருந்தன.

உடற்பயிற்சி வகுப்புக் கயிறும் அப்படித்தான். எல்லாரும் ஏறி இறங்கும் கயிற்றில் லெஸ் ஏறுவான், இறங்க மாட்டான். உச்சியில் கயிற்றைக் கட்டிப்பிடித்தபடி தொங்கிக்கொண்டிருப்பான். கீழே உலகம் தன்பாட்டுக்கு நடக்கும். விளையாட்டில் தோற்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கயிறு தெரியும். அவனைப் பார்த்துச் சிரித்தபோது நாம் நம்மையும் சேர்த்துத்தான் சிரித்தோம். தொடரும் அவனைப் பார்த்துச் சிரித்தது. அதனால்தான் அவன் நமக்கு வேண்டியவனாக இருந்தான்.

பிறகு லிசா வந்தாள்.

1986இல் பாட்டியுக் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பள்ளி மாணவியான லிசா கருவுறுகிறாள், குழந்தையின் தகப்பன் அவளோடு இல்லை, லெஸ் நண்பனாகக் கூட நிற்கிறான். குழந்தையைத் தத்துக் கொடுக்கிறார்கள். நகைச்சுவைத் தொடரில் இதையெல்லாம் பேச முடியுமா என்று பலர் தயங்கிய காலத்தில் அவர் பேசினார். லெஸ் அந்தக் கதையில் மிகவும் நன்றாக வந்திருந்தான். கயிற்றில் தொங்கிய அதே பையன்தான் பிரசவ அறை வாசலில் கைகால் நடுங்க நிற்கிறான் என்பதால் அவன் தைரியத்துக்கு மதிப்பிருந்தது. பிறகு இருவரும் பெரியவர்களாகி மணந்துகொள்கிறார்கள், லிசா வழக்கறிஞராகிறாள், சம்மர் என்று ஒரு மகள். 1999இல் லிசாவுக்கு மார்பகப் புற்றுநோய். அதிலிருந்து மீள்கிறாள். 2003இல் பாட்டியுக்குக்கே புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் லிசாவின் கதைக்குத் திரும்பினார். நோய் மறுபடி வருகிறது, பரிசோதனை அறிக்கைகள் மாறிப்போனதில் காலம் வீணாகிறது. கடைசியில் சிகிச்சை போதும் என்று லிசாவே முடிவெடுக்கிறாள். 2007 அக்டோபர் 4 அன்று வந்த காமிக் பட்டையில், வெள்ளை முகமூடியும் கோட்டும் அணிந்த ஓர் உருவம் வந்து அவள் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது.

அந்த வரிசை அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுவரை போனது. புத்தகமாக வந்தது. லிசாவின் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப்பட்டது. இதில் எதையும் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்தப் பகுதியைப் படித்து அழுதவர்களில் நானும் ஒருவன். என் புகார் அக்டோபர் 4க்கு மறுநாளிலிருந்து தொடங்குகிறது.

தொடர் பத்தாண்டு தாவுகிறது. சம்மர் கூடைப்பந்து ஆடும் உயரமான பெண்ணாகிவிட்டாள். லெஸ்ஸுக்குத் தாடி, நரை. அப்போதிருந்து 2022வரை, பதினைந்து ஆண்டுகள், அவன் முகத்தில் இரண்டே பாவங்கள்தான். ஒன்று துயரம். மற்றது அந்தப் பாதிச் சிரிப்பு.

அந்தப் பாதிச் சிரிப்பைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. தினசரி ஸ்ட்ரிப் என்பது மூன்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம் சிரிப்புக்கு உரிய இடம். பல பத்தாண்டுகளாக வாசகரின் கண் அந்த மூலையில் வெடி ஒன்றை எதிர்பார்த்தே பழகியிருக்கிறது. சோகக் கதை சொல்லும் ஸ்ட்ரிப்புக்கு இது பெரிய சிக்கல். அந்த இடத்தை என்ன செய்வது? நகைச்சுவை வைக்கலாம், மௌனமாக விடலாம், அடுத்த நாளுக்கு ஒரு கொக்கி போடலாம். பாட்டியுக் லெஸ்ஸிடம் கொடுத்தது வேறு. உதட்டின் ஓர் ஓரம் மட்டும் மேலே ஏறியிருக்கும், இமை பாதி தாழ்ந்திருக்கும், பேச்சு பலூனில் சிலேடை மாதிரி ஒரு வாசகம். வாழ்க்கை எப்படியும் நம்மைக் கைவிடும் என்பதுதான் பெரும்பாலும் அதன் சாரம். பக்கத்தில் நிற்பவரும் அதே பாதிச் சிரிப்பைத் திருப்பித் தருவார். நகைச்சுவையின் சட்டை போட்டுக்கொண்டு நகைச்சுவை இல்லாத ஒன்று அங்கே நிற்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் ஏதோ நுட்பமாகச் சொல்லிவிட்ட திருப்தி எல்லார் முகத்திலும். நாள் தவறாமல் அந்த முகத்தைப் பார்க்கும் வாசகருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

துக்கத்தில் இருப்பவனிடம் போய்ச் சிரிப்பை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வி எனக்கு அந்நியமல்ல. என் பெரியம்மாவை இதே நோய்க்குக் கொடுத்தவர்கள் நாங்கள். முடியெல்லாம் கொட்டிய பிறகு, தலையைத் துணியால் மூடச் சொன்ன செவிலியரிடம், “ஐம்பது வருஷம் சீவினேன், இப்போதுதான் ஓய்வு கிடைத்திருக்கிறது, விடம்மா” என்றார் பெரியம்மா. அந்தச் செவிலியர் சிரித்த சிரிப்பில் மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து என்ன என்று கேட்டார். பெரியம்மா போன பிறகு நாங்கள் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் வருவது அந்த வாக்கியம்தான். அதைச் சொல்லிச் சிரிக்கும்போதுதான் இழப்பு முழுசாக உறைக்கிறது. துக்கத்துக்கும் சிரிப்புக்கும் பகை என்று நினைப்பவர்கள் துக்கத்தை அருகில் பார்க்காதவர்கள்.

லெஸ் பதினைந்து ஆண்டுகள் லிசாவைப் பற்றியே பேசினான். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசினான், அவளுடைய ஆவியோடு பேசினான், அவள் தனக்கும் மகளுக்கும் விட்டுச்சென்ற வீடியோ நாடாக்களைப் போட்டுப் பார்த்தான். நான் படித்தவரையில், அவள் செய்த ஒரு குறும்பை, அவள் சொதப்பிய ஒரு சமையலை, அவள் போட்ட ஒரு முட்டாள்தனமான சண்டையை அவன் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்ததாக என் மனதில் ஒன்றுகூட நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூச்சமும் தடுமாற்றமுமாக இருந்த அந்தப் பெண், பிறகு துணிச்சலாக வழக்காடிய அந்தப் பெண், அவன் வாயில் ஒரு புனிதப் படமாகிவிட்டாள். லிசாவை நேசித்த வாசகன் என்ற முறையில் எனக்கு அவன்மீது உள்ள முதல் குற்றச்சாட்டு இதுதான். அவளை மறக்கவில்லை என்கிறான், ஆனால் அவளில் பாதியைத்தான் வைத்திருக்கிறான்.

இரண்டாவது குற்றச்சாட்டு கெய்லா சார்பில். அவள் லெஸ்ஸின் இரண்டாவது மனைவி. அவன் வேலை செய்யும் அதே பள்ளியைச் சேர்ந்தவள், தனக்கென்று ஒரு மகள் உள்ளவள், பொறுமைசாலி. கல்யாணமாகிவிட்டது, ஒரே வீடு, ஒரே மேஜை. ஆனால் அந்த வீட்டில் பேச்செல்லாம் முதல் மனைவியின் புத்தகம், முதல் மனைவியின் பெயரில் நிதி திரட்டும் ஓட்டம், முதல் மனைவியின் கதை படமாவது. கெய்லா கோபித்துக்கொண்டு ஒரு தட்டை உடைத்திருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அவள் உடைக்கவில்லை. ‘எனக்குப் புரிகிறது’ என்ற முகத்தோடு நிற்கிறாள். உயிருள்ள எந்த மனிதப் பிறவியும் இத்தனை ஆண்டுகள் இப்படிப் புரிந்துகொண்டே இருக்க முடியாது. அவளுக்குக் கோபம் வர விடாதவர் பாட்டியுக். கோபம் வந்தால் லெஸ் தப்பு செய்தவனாகிவிடுவான்.

எனக்கு வெளிச்சமான இடம் இதுதான். லெஸ்ஸின் குணத்தில் எந்தக் கோளாறும் புதிதல்ல. தன்னைப் பற்றியே நினைப்பவன், எளிதில் காயப்படுபவன், தன் ரசனையை உயர்வாக நினைப்பவன். அந்த இயந்திரத் துப்பாக்கிப் பையனும் இதே ஆள்தான். அன்று தொடர் அவனைச் சுற்றி நின்று சிரித்தது, இன்று தொடர் அவனைச் சுற்றி வேலி போட்டு நிற்கிறது. வெஸ்ட்வியூவில் அவன் முகத்துக்கு நேராக, ‘போதும் லெஸ், கொஞ்சம் அடங்கு’ என்று சொல்ல ஓர் ஆள் மிச்சமில்லை. சொல்ல வருபவர் யாராவது இருந்தால் அவர் இதயமற்றவராக வரையப்படுவார்.

ஹாலிவுட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ் லிசாவைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படமாக்க வருகிறார்கள். சிறிய ஊர் ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஹாலிவுட்டுக்குப் போகிறார் என்றால் சிரிப்புக்கு எத்தனை வழிகள்! அவனுடைய பெருமிதம், திரைக்கதை எழுதத் தெரியாத திணறல், நடிகர்கள் முன் வரும் கூச்சம், தன் வேடத்தில் தன்னைவிட அழகான ஒருவன் நடிப்பதைப் பார்க்கும் அவஸ்தை. பழைய பாட்டியுக் இதை வைத்து ஒரு வருடம் நம்மைச் சிரிக்க வைத்திருப்பார். புதியவரோ சிரிப்பு முழுவதையும் படக்காரர்கள்மீது வைத்தார். அவர்கள் மேலோட்டமானவர்கள், லெஸ் மட்டும் உண்மையானவன். முதல் முயற்சி நின்றுபோகிறது. பின்னால் மேசன் ஜார் என்ற நடிகன் அக்கறையோடு மறுபடி எடுக்கிறான், அப்போதும் லெஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கிறான். லிசாவாக நடித்த மரியான் வின்டர்ஸுக்கு ஆஸ்கர் கிடைக்கிறது. அவள் அந்தச் சிலையைக் கொண்டுவந்து லெஸ்ஸிடம் கொடுத்துவிடுகிறாள். பல ஆண்டுகள் உழைத்து நடித்துப் பெற்ற விருதை, அந்த உழைப்பு முழுவதையும் சந்தேகத்தோடு பார்த்த மனிதனுக்கு! அதை அவன் வாங்கிக்கொள்கிறான். அந்தப் பட்டையைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இதே பாட்டியுக்கால் வேறு மாதிரி செய்ய முடியாது என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவரால் முடியும். செய்தும் காட்டியிருக்கிறார். இதே வெஸ்ட்வியூவில் ஹாரி டிங்கிள் என்று ஒரு பேண்டு ஆசிரியர் இருக்கிறார். உலகிலேயே தலைசிறந்த பேண்டு இயக்குநர் தான்தான் என்று நம்புகிறவர். கொட்டும் மழையிலும் பிள்ளைகளை அணிவகுக்க வைப்பார், பேண்டுக்கு நிதி திரட்ட வீடு வீடாக வான்கோழி விற்க அனுப்புவார். அவருடைய தற்பெருமைக்கு முன்னால் லெஸ் எல்லாம் எம்மாத்திரம். பிற்பாடு அவருக்குக் காது மந்தமாகிறது. இசைக்காரருக்கு இதைவிடப் பெரிய சோகம் என்ன வேண்டும்? ஆனால் டிங்கிள் அந்தச் சோகத்துக்குப் பிறகும் டிங்கிளாகவே இருக்கிறார், மழை பெய்தால் சீருடையை மாட்டிக்கொள்கிறார். சிரித்துக்கொண்டே அவருக்காக வருத்தப்பட முடிகிறது.

கிராங்க்ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டால் என் வழக்கு இன்னும் பலமாகிறது. இந்தத் தொடரில் துணைப் பாத்திரமாக வந்து 1987இல் தனித் தொடரே பெற்றுவிட்ட கிழவர். பள்ளி பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேண்டுமென்றே பஸ்ஸைக் கிளப்புவார், பின்னால் தாய்மார்கள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியை ஒவ்வொரு முறையும் இடித்துத் தள்ளுவார். பழமொழிகளைத் தப்பும் தவறுமாகச் சொல்வார். ஒரு நல்ல குணத்தைச் சொல்லுங்கள் என்றால் சட்டென்று வராது. ஆனால் இந்தக் கிழவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாழ்நாளெல்லாம் அதை மறைத்தே வந்திருக்கிறார் என்று ஒரு கட்டத்தில் தெரியவருகிறது. வயதான காலத்தில் எழுத்துக் கற்க உட்காருகிறார். நான் அந்தப் பகுதியைப் படித்தபோது தொண்டை அடைத்தது. பஸ்ஸைத் துரத்த வைத்த அதே கை பென்சிலைப் பிடிக்கிறதே என்பதுதான் காரணம். அவரை நல்லவர் என்று நம்பச் சொல்லி யாரும் நம்மை வற்புறுத்தவில்லை. தொடர் அவரைக் கண்டபடி கிண்டல் செய்தது, அதனால் அவர்மீது பரிவு நமக்குள்ளிருந்து தானாகவே வந்தது.

லெஸ்ஸிடம் அது நடக்கவே நடக்காது. அவன்மீது நாம் பரிவு காட்டுவதற்கு முன்பே எல்லாரும் காட்டி முடித்துவிடுகிறார்கள். பீட்சா கடை நடத்திய நண்பன் ஃபங்கி, மனைவி, மகள், நடிகர்கள், இறந்துபோன லிசாவின் ஆவி. வாசகனுக்கு என்று ஒரு பங்கும் மிச்சம் வைப்பதில்லை. கட்டாயமாகக் கேட்கும் இரக்கத்தை எந்த வாசகனும் தரமாட்டான். கையை இன்னும் இறுக மூடிக்கொள்வான்.

பாட்டியுக்குக்கு ஏன் இப்படி ஆனது என்பதைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர், அவரும் நோயைக் கடந்தவர், அவருடைய புத்தகத்துக்கும் பெயர் வந்தது. தொடருக்குள் லெஸ் எழுதும் புத்தகமும் வெளியே அவர் வெளியிட்ட புத்தகமும் ஒரே கதை. தன் வேதனையை ஒரு பாத்திரத்தின் தோளில் ஏற்றிவிட்ட எழுத்தாளருக்கு அந்தப் பாத்திரத்தைக் கிண்டல் செய்யக் கை வருவது கஷ்டம். புரிந்துகொள்ளக்கூடிய பலவீனம்தான். ஆனால் அதன் விலையை லெஸ்தான் கொடுத்தான். கயிற்றின் உச்சியில் தொங்கியபோது அவனுக்கு இருந்த கண்ணியம், ஆஸ்கர் சிலையோடு நிற்கும்போது இல்லை.

முடிவுகூட இதே நோயால்தான் கெட்டது. 2022இன் கடைசி வாரங்களில், பள்ளியின் துப்புரவுப் பணியாளர் எதிர்காலத்திலிருந்து வந்தவர் என்று தெரிகிறது. சம்மர் எழுதப்போகும் புத்தகம் மனித குலத்துக்கே வழிகாட்டப்போகிறது, அதைக் காப்பதற்காகவே அவர் காத்திருந்தாராம். ஐம்பது ஆண்டுகள் பீட்சா கடையிலும் பள்ளி வராந்தாவிலும் வாழ்ந்த மனிதர்களுக்கு விடைகொடுக்க வேண்டிய நேரம் அது. டிங்கிளுக்கு ஒரு கடைசி மழை, ஃபங்கிக்கு ஒரு கடைசி வாடிக்கையாளர் என்று முடித்திருக்கலாம். பாட்டியுக்கோ மூர் குடும்பத்தை உலக வரலாற்றின் மையத்தில் கொண்டுபோய் வைத்தார்.

கிராங்க்ஷாஃப்ட் தொடர் அதற்குப் பிறகும் தொடர்கிறது, வெஸ்ட்வியூ மனிதர்கள் அங்கே வந்துபோகிறார்கள். பாட்டியுக்கிடம் ஒரு வாசகனாக எனக்கு ஒரே கோரிக்கைதான். ஒரு காலையில் லெஸ்ஸின் கார் பழுதாகட்டும். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடிவரட்டும். கிழவர் கண்ணாடியில் அவனைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டு கியரைப் போடட்டும். மூச்சிரைக்க நடுத்தெருவில் நிற்கும் அந்த நரைத்த தாடிக்காரனைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும். அந்த ஒரு பட்டை வந்தால் இங்கே எழுதிய பாதியை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார்.